புது டயரைப் பின்னால் மாட்டினேன்

காட்டுப் பாதையில் ஓட்டுகிற கியர் சைக்கிளுக்கு எந்த டயர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் விடாமல் பேசுவேன். தூத்துக்குடியில் ஒரே கடையில் நாற்பத்தொரு வருஷம் சைக்கிள் வேலை பார்த்தவன் நான். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். நல்லாப் பிடிக்கவும் வேண்டுமாம், நாள்பட உழைக்கவும் வேண்டுமாம், விலையும் கையைக் கடிக்கக் கூடாதாம். ஏதோ டயரை நான் வீட்டுக் கொல்லையில் காய்க்க வைத்திருக்கிற மாதிரி கேட்பார்கள்.

போன மாதம் ஊர் சைக்கிள் குழுவினர் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள், குழுவில் எல்லோருக்கும் அனுப்புகிறோம் என்றார்கள். எழுதுகிறேன். அவர்கள் கேட்டது டயரைப் பற்றி. ஆனால் டயரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் செல்வினைப் பற்றி எழுதாமல் தீராது. செல்வின் என் கையால் டயர் மாட்டிக்கொண்டு போய்ச் செத்தவன். அந்தச் சாவின் பழியை ஏழு வருஷமாக வேறொருவன் சுமக்கிறான். அவன் பெயர் பிரின்ஸ். செல்வினுடைய மச்சினன்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிடிப்பும் உழைப்பும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. டயரில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டிகளைப் பட்டன் என்போம். கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்துங்கள். நகம் பதிந்த தடம் மெல்ல மேலே வந்தால் ரப்பர் மிருது. பாறையைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நகமே பதியவில்லை என்றால் ரொம்ப நாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். நடுவில் பட்டன் குட்டையாக, நெருக்கமாக இருக்கட்டும், அது உருளுவதற்கு. ஓரத்தில் உயரமாக, இடைவெளி விட்டு இருக்கட்டும். திரும்பும்போது தரையைப் பிடிப்பது அதுதான். நம்ம பக்கத்துக்குப் பக்கச் சுவர் தடித்த டயர் வேண்டும். உடைமுள் யாரையும் பார்த்து ஒதுங்காது. தேரிச் செம்மணலில் போகிறவர்கள் அகல டயராகப் போட்டுக் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடை வாசலில் வெயில் காய்ந்து தொங்குகிற டயரை மட்டும் வாங்காதீர்கள். மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும்.

இதையெல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கிய டயரை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. செல்வினும் கேட்கவில்லை.

நான் கடைக்கு வந்தது பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம். முதல் மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் செயின் கழுவினேன், பஞ்சர் ஒட்டினேன், வாடகை சைக்கிள்களின் மட்கார்டில் நம்பர் எழுதினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது முதலாளியைப் பற்றி. அவர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கடையில் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அரபு நாட்டுக்குப் போய்விட, இவர் மட்டும் டயர் வாடையை விட்டு நகர மாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டார்.

காக்கா ஏசமாட்டார். ஏசினால்கூடத் தேவலை என்று தோன்றும். நான் சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் நிற்பார். என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்குவார். இறுக்கிய அதே நட்டைத் தளர்த்துவார். ஒரு வார்த்தை பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். எங்கே தப்பு என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை ஒரே நட்டை ஆறு முறை தளர்த்தினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்து ஸ்பேனரைத் தெருவில் வீசினேன். அவரே போய் எடுத்து, துணியால் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் குனிந்து பார்த்தால் சக்கரம் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தப்பு இல்லாத வேலை என்றால் நட்டைத் தொடமாட்டார். அதுதான் அவருடைய பாராட்டு. வருஷத்துக்கு நாலு தடவை கிடைத்தால் அதிகம்.

டயர் மாட்டுவதற்கு முன்னால் உட்புறத்தை மூன்று சுற்று தடவிப் பார்க்க வேண்டும் என்பது கடையில் சட்டம். முதல் சுற்று பஞ்சால். முள்நுனி உள்ளே ஒடிந்து நின்றால் பஞ்சு அதில் சிக்கும். இரண்டாம் சுற்று வெறும் விரலால். மூன்றாம் சுற்றும் விரலால்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு. கண் திறந்திருந்தால் விரல் ஒழுங்காக வேலை செய்யாதாம். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த மூன்றாம் சுற்றில் எத்தனையோ முள் எடுத்திருக்கிறேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. புது டயர் எப்போதும் பின்சக்கரத்துக்கு. அரைத் தேய்மானத்தில் இருக்கிற பின் டயரைக் கழற்றி முன்னால் போட வேண்டும். மிச்ச உழைப்பை அது அங்கே முடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எங்களிடம் வந்ததெல்லாம் பாரம் ஏற்றுகிற சைக்கிள்கள். ஐஸ் போட்ட மீன் பெட்டி, உப்பு மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், எல்லாம் பின் கேரியரில்தான் ஏறும். ஹார்பர் ரோட்டில் லாரிக்கு நடுவே போகும்போது பின் டயர் வெடித்தால் பாரத்தோடு ஆளும் சாய்வான். அதனால் நல்லது பின்னால். காக்காவின் அந்தச் சட்டத்தால் பிழைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மீன் பெட்டிக்கு அது சரியான சட்டம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் கியர் சைக்கிள் வரத் தொடங்கியது. பேங்க்காரர்கள், டாக்டர்கள், ஹார்பர் ஆபீசர்கள் தொப்பையைக் குறைக்க வாங்கினார்கள். பிறகு இளவட்டங்கள் வாங்கித் தேரிக்குள்ளும் மலையடிவாரத்திலும் ஓட்டினார்கள். காக்கா அந்த வயதிலும் அசரவில்லை. என்னையும் பிடித்து உட்கார வைத்தார். டிஸ்க் பிரேக், ஷாக் அப்சார்பர், கியர் எல்லாவற்றையும் ஃபோனில் வீடியோ பார்த்தே படித்தோம். காட்டுப் பாதையில் முன்சக்கரம்தான் உயிர் என்பதையும் அதில்தான் பார்த்தேன். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் தரையில். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். தெரியும். தெரிந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு, கை தன் பழக்கத்தைச் செய்ய விட்டுவிட்டேன்.

செல்வின் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். எட்டு மணி நேரம் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கன்டெய்னர் தூக்குகிறவன். கீழே இறங்கினால் தரையில் உருண்டால்தான் சரியாக இருக்கிறது என்பான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அவனும் பிரின்சும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். செல்வின் பெண்டாட்டி ரீனா, பிரின்சுக்கு அக்கா. ஒரு தடவை கடைக்கு வந்தவள், உங்களுக்கு என்னைக் கட்டிக் கொடுத்ததுக்கு ரெண்டு சைக்கிளைக் கட்டிக் கொடுத்திருக்கலாம் என்று இருவரையும் சேர்த்துக் கிண்டல் செய்தாள். பிரின்ஸ் அப்போது இருபத்து நாலு வயதுப் பையன். மச்சான் எதைச் செய்தாலும் அவனும் செய்வான். மச்சானை ஒட்டியேதான் போவான்.

அந்த ஐப்பசியில் சைக்கிள் குழுவோடு மேற்கே மலையடிவாரத்துக்குப் போகத் திட்டம் போட்டிருந்தார்கள். போவதற்கு நாலு நாள் முன்னால் செல்வின் சைக்கிளைக் கொண்டுவந்தான். முன் டயரின் பக்கச் சுவர் முழுக்க வெடிப்பு, குப்பைக்குத்தான் போக வேண்டும். பின் டயர் பாதி தேய்ந்திருந்தது. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்கமுடியும், ஆனால் நல்லதாக எடுத்துக் கொடுங்கள் என்றான். மூன்று டயர்களை எடுத்துப் போட்டேன். மடக்கிப் பார்த்தேன், நகத்தை அழுத்தினேன், அவனையும் அழுத்தச் சொன்னேன். ஓரப்பட்டன் மிருதுவாக, நடுப்பட்டன் கொஞ்சம் கெட்டியாக, பக்கச் சுவர் இரட்டையாக ஒன்று கிடைத்தது. பிடிப்பும் உழைப்பும் அந்த அளவுக்குச் சேர்ந்த டயரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செல்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அதைப் பின்னால் மாட்டினேன். பாதி தேய்ந்த, ரப்பர் இறுகிப்போன பின் டயரை எடுத்து முன்னால் போட்டேன். இரண்டையும் மூன்று சுற்று தடவினேன். கண்ணை மூடிக்கொண்டும் தடவினேன். காக்கா வந்து நின்றார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். நட்டைத் தொடாமல் போய்விட்டார். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிறு காலையில் அங்கே மழை பெய்திருக்கிறது. இறக்கத்தில் இடது பக்கம் திரும்புகிற இடத்தில் நனைந்த பாறை. முன்னால் செல்வின், அவன் பின்னாலேயே பிரின்ஸ், மற்றவர்கள் ரொம்பத் தூரத்தில். செல்வின் விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் அடி கழுத்தில். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆளாளுக்கு என்ன நடந்தது என்று பிரின்ஸைக் கேட்டிருக்கிறார்கள். அவன் சட்டையெல்லாம் மச்சான் இரத்தம். புத்தி பேதலித்துப்போய், ரொம்ப ஒட்டிப் போயிட்டேன், ரொம்ப ஒட்டிப் போயிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தானாம். அது போதாதா ஊருக்கு? அடக்கம் முடிவதற்குள் மச்சினன் பின்னால் வந்து இடித்துவிட்டான் என்பது முடிந்துபோன பேச்சாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் குழியில் மண் போடப் பிரின்ஸ் கிட்டே வந்தபோது, ரீனா அவனைத் தள்ளிப் போகச் சொன்னாள். அவன் வேலிப்பக்கம் போய் நின்றான். நானும் காக்காவும் அதைப் பார்த்தோம்.

ஒன்பதாம் நாள் பிரின்ஸ் கடைக்கு வந்தான். செல்வினுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆள் பாதியாக இருந்தான்.

"அண்ணாச்சி, இந்தப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்க. நான் தட்டியிருந்தா எங்கயாவது அடையாளம் இருக்கும்லா?"

உட்கார்ந்து பார்த்தேன். புது டயரில் மெல்லிய ரப்பர் மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அச்சிலிருந்து வரும்போதே இருப்பவை. பக்கச் சுவரில் இரண்டு பக்கமும் அவை அப்படியே நின்றன. இன்னொரு சக்கரம் உரசியிருந்தால் அந்த இடத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. போதாததற்கு, பின்னால் வருகிறவனின் முன்சக்கரம் முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் பட்டால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவன்தான். பிரின்ஸ் விழவே இல்லை. அவன் இடிக்கவில்லை என்பது எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

அப்புறம் முன் டயரைப் பார்த்தேன். நடுப்பட்டன்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. இடது ஓரப் பட்டன்களில் நாலு அடியோடு கிழிந்து தொங்கின. நகத்தை அழுத்தினேன். பதியவில்லை. நல்ல டயர் பின்னால் பூமாலை மாதிரி சும்மா நிற்கிறது. அவன் உயிரைப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில், தேய்ந்து இறுகிப்போனதை நான் மாட்டியிருக்கிறேன்.

பிரின்ஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் தெளிவாச் சொல்ல முடியாதுப்பா" என்றேன்.

"இடிக்கலைன்னாவது சொல்ல முடியுமா அண்ணாச்சி?"

"அதுவும் சொல்ல முடியாது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். போலீஸ் வரும், கடை பேர் கெடும், ரீனா முகத்தில் விழிக்க முடியாது. எல்லாம் சும்மா. பயம். அவ்வளவுதான். பிரின்ஸ் சைக்கிளை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு, சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு நடந்து போனான்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்த காக்கா, சாய்ந்து நின்ற அந்தச் சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தார். முன் டயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று தடவினார். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"மிக்கேலு, இத நானும் பாத்துத்தானே விட்டேன். புதுசு பின்னாலன்னு உனக்குச் சொல்லித் தந்ததும் நான். குத்தம் ரெண்டு பேருக்கும் உண்டு. வா, அந்தப் புள்ள வீட்டுக்குப் போயிச் சொல்லிருவோம்."

முப்பதாம் நாள் பூசை முடியட்டும், ரீனா கொஞ்சம் ஆறட்டும் என்றேன்.

"மவுத்தாப் போனவனுக்கு இனி அவசரம் இல்ல. உசுரோட ஒருத்தன் நிக்கான், அவனப் பாரு."

நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று கோபமாகச் சொல்லிவிட்டேன். மாட்டிய கை உன்னுடையது, நான் மட்டும் போனால் உன்னைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும், நீ வந்தால் நானும் வருகிறேன் என்றார். மறுநாள் காலையில் கடை திறந்ததும் போவோமா என்று கேட்டார். நாளைக்கு என்றேன். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒரு மாதம் போல தினமும் கேட்டார். முப்பதாம் நாள் பூசையும் முடிந்தது. பிறகு ஒரு நாள் காலையில் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு சக்கரம் மாட்டி நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். காக்கா நாற்காலியிலேயே இருந்தார். வரவில்லை. அதற்குப் பிறகு என் வேலை ஒன்றைக்கூட அவர் சோதிக்கவில்லை. வேண்டுமென்றே நட்டைக் கோணலாக மாட்டிப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. மற்ற ஆட்களின் நட்டைத் தளர்த்திக்கொண்டுதான் இருந்தார். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு அவரும் மவுத் ஆனார்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தீரா என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். செய்தேன். சாமியார் போய் அந்தப் பையனிடம் சொல் என்றார். அடுத்த தடவை வேறு கோவிலுக்குப் போனேன். அங்கேயும் அதையேதான் சொன்னார். தூத்துக்குடியில் கோவிலுக்கா பஞ்சம்? ஆலந்தலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். வேறு பதில் சொல்கிற சாமியார் ஒருவரும் கிடைக்கவில்லை.

பிரின்ஸ் அடுத்து வந்த ஈஸ்டருக்கு முன்னால், தவக்காலத்திலேயே கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். இதுவரை ஊருக்கு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா இறந்தபோதும் வரவில்லை. வர வேண்டாம் என்று ரீனா சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளை நான் ஞாயிறுதோறும் கோவிலில் பார்ப்பேன். முழங்கால் வலி எப்படி இருக்கு அண்ணாச்சி என்று விசாரிப்பாள். பரவாயில்லைம்மா என்பேன். நற்கருணை வாங்குகிற வரிசையில் சில நாள் அவள் எனக்கு முன்னால் நிற்பாள். நானும் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இப்படியே செத்திருப்பேன். அந்தச் சால்வைக் கூட்டம்தான் கெடுத்தது. புதிதாகச் சேர்ந்த இருபது பேருக்குக் குழுத் தலைவர் பாதுகாப்பு விதிகளைச் சொன்னார். முன்னால் போகிறவரை ஒட்டிப் போகாதீர்கள் என்றார். நம்ம குழுவிலேயே ஒருத்தர் அப்படி ஒட்டிப் போய் இடிச்சு, சொந்த மச்சான் செத்தே போயிட்டார், பேரு வேண்டாம் என்றார். இருபது பேரும் உச்சுக்கொட்டினார்கள். நான் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து டயரைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடிக்கும்போது, நான் இன்னும் எதற்கு உயிரோடு இருக்கிறேன் என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ரீனா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் ட்யூஷனுக்குப் போயிருந்தன. காபி போட எழுந்தவளை உட்காரச் சொன்னேன். டயர் எடுத்ததிலிருந்து பிரின்ஸ் கடைக்கு வந்தது வரைக்கும், காக்கா கேட்டதும் நான் நாளைக்கு என்றதும் எல்லாம் சொன்னேன். முடிந்த பிறகு, மாற்றி மாட்டியிருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டாரா என்று கேட்டாள். அதற்குச் சத்தியம் பண்ண மாட்டேன், மழை, பாறை, எதுவும் நடக்கலாம் என்றேன். ஆனால் பிரின்ஸ் இடிக்கவில்லை, அதற்குச் சத்தியம் பண்ணுவேன் என்றேன்.

அவள் தரையைக் காட்டினாள்.

"கத்தாருக்குப் போறதுக்கு முந்துன நாளு, இந்தா, இங்கன முழங்கால் போட்டான் அண்ணாச்சி. நான்தான் இடிச்சேன்னு சொன்னான். நான்தான் சொல்ல வச்சேன். ஒத்துக்கோ, மன்னிச்சுருதேன்னேன். ஒத்துக்கிட்டான். எனக்கு மன்னிக்க முடியலை."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏழு வருஷம் எங்கிட்ட முழங்கால் வலியைப் பத்திப் பேசிட்டு இருந்திருக்கிய."

அதற்கு மேல் ஒரு வார்த்தை ஏசவில்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஃபோனை எடுத்து, தம்பி நம்பரைத் தேடி, அடித்து, என் கையில் கொடுத்தாள். அந்த நம்பரில் அவள் பேசி எவ்வளவு காலம் ஆயிற்றோ. அவன் எடுத்ததும் அக்கா, அக்கா என்றான். நான் மிக்கேல் பேசுகிறேன் என்றேன்.

அவனிடமும் எல்லாம் சொன்னேன். டயர் மயிரைச் சொன்னேன். கிழிந்த பட்டனைச் சொன்னேன். நீ தட்டியிருந்தால் நீதான்ப்பா விழுந்திருப்பாய் என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இல்ல அண்ணாச்சி. நான் தட்டினேன். அந்த அதிர்வு ஹேண்டில்பார்ல வந்திச்சு, கையில தெரிஞ்சிச்சு. இப்பவும் தெரியுது."

அன்றைக்குக் கடையில் வந்து கேட்டாயே, அப்போது உனக்குத் தட்டினது தெரியாதே என்றேன்.

"அன்னைக்குத் தெரியலை. நீங்க சொல்ல முடியாதுன்னுட்டிய. அதுக்கப்புறம் ராவும் பகலும் ரோசிச்சு ரோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வந்துட்டு."

ரீனா ஃபோனைப் பிடுங்கினாள். ஏலே, நீ இடிக்கலைலே, வீட்டுக்கு வாலே என்று அழுதாள். அவன் அக்கா பிள்ளைகளை விசாரித்தானாம். டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டானாம்.

குழுவினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டிப் போகாதீர்கள் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கதையை இனிமேல் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் என் பேரைப் போட்டு, தூத்துக்குடியில் ஒரு மெக்கானிக் டயரை இடம் மாற்றி மாட்டினான், அதைச் சொல்லப் பயந்து இன்னொருத்தன் வாழ்க்கையைக் கெடுத்தான் என்று சொல்லுங்கள். பிரின்ஸ் பேரை இதில் போடலாமா என்று ரீனாவைக் கேட்டேன். போட்டே எழுதுங்கள் என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் நம்பரை அடித்து என்னிடம் கொடுக்கிறாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். பிரின்ஸ் ஒரு நாளும் எடுக்காமல் இருந்ததில்லை. ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டால் அவன் என்னை நம்புகிறான் என்று அர்த்தம். அந்தக் கோபத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். கடைசிவரை கேட்டுவிட்டு, சரி அண்ணாச்சி, அக்காட்ட குடுங்க என்பான்.

போன ஞாயிறு மட்டும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னான்.

"நீங்க வயசானவுக. என்னைத் தேத்தணும்னு உங்க தலையில இழுத்துப் போட்டுக்கிட்டுச் சொல்லுதிய. நல்ல மனசு அண்ணாச்சி உங்களுக்கு."

ரீனா எதிரில் நின்று, என்ன சொல்லுதான் என்று சைகையில் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிரின்ஸிடம் மறுபடியும் டயர் எடுத்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.